இருட்டறையில் ஒரு பாசிட்டிவ்

போன வாரம் என் கண் எனக்கு எதிராகவே கட்சி மாறிவிட்டது.

புது பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வண்ணார்பேட்டை போகிற வண்டி வந்தது. ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, சில்லறையும் நீட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது... அது விக்கிரமசிங்கபுரம் வண்டி!

"போர்டைப் பாக்காம ஏறுனா எப்படி அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

பார்க்காமலா ஏறினேன்? பார்த்துத்தான் ஏறினேன். பார்த்தது ஒன்று, படித்தது வேறு. பத்து பேர் முன்னால் பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி வந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் தள்ளிப்போட முடியாது. கண்ணாடியை மாற்றியே ஆகவேண்டும்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நெல்லையில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? ஏதோ ஒன்று. இந்தப் பத்தியில் வரப்போகிற பெயரும் நானாக வைத்ததுதான். ஏன் இத்தனை மறைப்பு என்பது கடைசியில் தெரியும். அதுவரை பொறுமையாக வாசியுங்கள்.

கண் டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஓர் இருட்டறைக்குள் அனுப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். ஜன்னல் கிடையாது. ஏசி ஓடும். எதிரே வெளிச்சத்தில் எழுத்துகள் வரிசையாக இறங்கும். மூக்கின் மேல் ஒரு கனமான ஃபிரேமை மாட்டி, அதில் வில்லைகளைப் போட்டுப் போட்டு எடுப்பார்கள். பவர் பார்ப்பது என்று சொல்வோம். எனக்குப் பார்த்தவர் கிரேஸ். நாற்பது வயதை ஒட்டியவர். அந்த அறையிலேயே பல வருஷமாக இருக்கிறார் என்பது இருட்டிலும் அவர் கை தடுமாறாமல் வில்லையை எடுத்த விதத்தில் தெரிந்தது.

"ஒண்ணு தெளிவா... ரெண்டு தெளிவா?"

உலகத்தில் இதைவிடப் பயங்கரமான கேள்வி உண்டா? வில்லையைத் திருப்புவார்கள். "இது ஒண்ணு. இது ரெண்டு." இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று என்று சொல்லிவிட்டு, ஐயோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ, நாம் சொன்ன பொய்யை வைத்துக் கண்ணாடி செய்துவிடுவார்களோ என்று ஒரு நடுக்கம் வரும். பரீட்சையில்கூட எனக்கு இத்தனை பயம் வந்ததில்லை.

"ஒரே மாதிரி இருந்தா ஒரே மாதிரின்னே சொல்லுங்க சார். தப்பில்ல."

அப்பாடா!

நடுவில் ஒரு வில்லையைப் போட்டார் பாருங்கள்... எதிரே இருந்த எழுத்தெல்லாம் மொத்தமாகக் கரைந்துபோயிற்று. "என்னம்மா, இது இன்னும் மோசமா இருக்கே!" என்றேன்.

"இருக்கட்டும் சார். கொஞ்ச நேரம் மங்கலாவே இருக்கட்டும். பைய குறைச்சிட்டு வருவோம்."

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் முட்டிக்கொண்டு உட்காருவோமே, அது. எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி பிளாஸ்டிக் தட்டி தொங்கியது. ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அதில் இரண்டு ஓட்டை.

"இது என்னதும்மா?"

"பேசாதீங்க சார். வில்லையில ஆவி படியும்."

வாயை மூடிக்கொண்டேன். பார்த்து முடித்ததும் அவரே சொன்னார். "கொரோனா சமயத்துல மாட்டுனது சார். எங்க வேல அப்படில்லா. மூஞ்சிக்கு நேரா மூஞ்சி. அதான் தட்டி."

"இன்னும் கழற்றலையே?"

"யாருக்கும் கழத்தத் தோணல."

எனக்கு உடனே ஆர்வம் கிளம்பிவிட்டது. நாம் எல்லாம் ஆறடி தள்ளி நில்லுங்கள் என்று தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த நாளில், இவர்கள் ஆறங்குல தூரத்தில் உட்கார்ந்து ஊரார் மூச்சையெல்லாம் வாங்கியிருக்கிறார்களே! "உங்களுக்கு வந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

கிரேஸ் பேச்சை மாற்றினார். "நீங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பத்தி எழுதுற சார்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க வீட்ல அவுகதான் வாசிப்பாவ. காலைல இட்லியை முன்னால வச்சுக்கிட்டு, வீடே கேக்குத மாதிரி சத்தமா. ஸ்கூல் வாத்தியார்லா, மனசுக்குள்ள வாசிக்க வராது."

எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குளிர்ந்துபோனேன். அந்தக் குளிரிலும் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. பழக்கம் அப்படி.

"வந்துச்சான்னு கேட்டேனே?"

"ரத்த டெஸ்ட் எடுத்தாங்க சார். பாசிட்டிவ்." பலதடவை சொல்லிப் பழகிய பதில் போல வந்தது. உடனே என் தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்தை விட்டு, வெளியே அனுப்பிவிட்டார்.

அந்தச் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு தனிப் பத்தியே எழுதலாம். கண்மணி விரிய அரைமணி ஆகும். அதுவரை போன் பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் மாமாவா அத்தையா என்றுகூடத் தெரியாது. மனிதர்களைப் பேசவைக்க இதைவிட நல்ல மருந்து கண்டுபிடிக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர் பெயர்கூடச் சொல்லாமல் தன் மருமகனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அப்புறம் டாக்டர் கூப்பிட்டார். இவர் எனக்குப் பழைய சினேகிதர். பாளையங்கோட்டைக்காரர். விரிந்த கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துக்கொண்டே, "என்னவே, விக்கிரமசிங்கபுரம் பஸ்ல ஏறினீராமே?" என்றார். அதற்குள் செய்தி வந்துவிட்டது!

"அது கிடக்கட்டும். கொரோனா சமயத்துல உங்க ஆளுகளுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தீங்களாமே?"

டாக்டர் விளக்கை அணைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கு அது பிடித்த கதை என்று பார்த்ததுமே தெரிந்தது.

முதல் அலை ஓய்ந்து, தடுப்பூசி இன்னும் வராத இடைவெளியில் நடந்தது அது. மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பது வேறு. அது இப்போது நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. இது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆன்டிபாடி டெஸ்ட். நமக்குத் தெரியாமல் வந்துவிட்டுப் போயிருந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். தெருவில் யாரும் இல்லாதபோது யானை போயிருந்தால், காலடியைப் பார்த்துச் சொல்லிவிட மாட்டோமா? அதுபோல.

"எல்லாரும் என்னவே நெனச்சோம்? டார்க் ரூம் காலி, நான் காலி, மேல அக்கவுன்ட்ஸ்ல உக்காந்திருக்கவங்க பிழைச்சாங்க. அப்படித்தான் கணக்குப் போட்டோம்."

முடிவு வந்தபோது முதல் குழப்பம் வாசலில் நடந்தது. வாட்ச்மேனிடம் நர்ஸ் ஒருவர் போய், "அண்ணாச்சி, நீங்க பாசிட்டிவ்" என்றிருக்கிறார். மனிதர் அப்படியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போன் போட்டு, "பிள்ளைகளை நல்லாப் பாத்துக்கோ, பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு" என்று ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய் போனைப் பிடுங்கி, "இது நல்ல பாசிட்டிவ் அண்ணாச்சி! வந்துட்டுப் போயிருச்சுன்னு அர்த்தம்!" என்று விளக்குவதற்குள் அங்கே அவர் வீட்டில் ஒப்பாரியே தொடங்கிவிட்டதாம்.

பாருங்கள், இந்த ஒரு வார்த்தை படுகிற பாட்டை! பாசிட்டிவாக இருங்கள் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்தார்கள். கொரோனா வந்தது. பாசிட்டிவ் என்றால் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். ஆன்டிபாடி வந்தது. மறுபடி பாசிட்டிவ் என்றால் கைகொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மற்றவர்களுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்களாம், பாஸ் ஆனதற்கு!

"சரி... யாரு யாரு பாஸ்?"

"அங்கதான்வே விஷயம். நோயாளி மூஞ்சியையே பாக்காத அக்கவுன்ட்ஸ் ஆளுக பாதிக்கு மேல பாஸ். நான் ஃபெயில். என்னால நம்பவே முடியல, லேபுக்குப் போன் போட்டு என் ரத்தத்தைத் திரும்பப் பாருங்கன்னேன். எங்க டார்க் ரூம்ல ஒருத்தருக்குக்கூட இல்ல!"

"அதெப்படி?"

டாக்டர் சிரித்தார். "சாப்பாடு! மேல உள்ளவங்க மதியம் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டு வட்டமா உக்காந்து, மாஸ்க்கைக் கழத்திட்டு, இவ குழம்பை அவளுக்கு, அவ கூட்டை இவளுக்குன்னு ஊத்தித் தின்னாங்க. கீழ நாங்க பயத்துல ஆளுக்கொரு மூலையில தனியாத் தின்னோம். நோயாளிகிட்ட ஜாக்கிரதையா இருந்துட்டோம். சிநேகிதன்கிட்ட யாரு ஜாக்கிரதையா இருக்கா?"

நல்ல கேள்வி. ஆனால் என் மனது அதில் நிற்கவில்லை.

இருட்டறையில் ஒருவருக்குக்கூட இல்லையா? சற்று முன்னால்தான் ஒருவர் தனக்குப் பாசிட்டிவ் என்று சொன்னாரே!

"அந்தக் கிரேஸ் அப்பவே இங்கதான் வேலையா?" என்று பட்டும் படாமலும் கேட்டேன்.

"அவ இல்லாத டார்க் ரூமா? ஏன்வே?"

"ஒண்ணுமில்ல. இந்த டெஸ்ட்டை வச்சு யாருகிட்ட இருந்து யாருக்கு வந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாமா?"

"முடியவே முடியாது" என்றார் டாக்டர். "பாசிட்டிவ்னா வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். எப்ப, எங்க, யாரால? சொல்லாது. நெகட்டிவ்னாகூட வரவே இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வந்து, எதிர்ப்புச் சக்தி சீக்கிரமே வடிஞ்சும் போயிருக்கலாம். சிலருக்கு அப்படித்தான். அந்த டெஸ்ட்டை வச்சு யாரு மேலயும் பழி போட முடியாது, யாரையும் விடுதலை பண்ணவும் முடியாது."

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில். ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா? ஒருவேளை கிரேஸ் வெளியே வேறொரு லேபில் தனியாகப் பார்த்தாரோ? டாக்டருக்கு மறந்துவிட்டதோ? இல்லை, பஜ்ஜி சாப்பிட்ட கோஷ்டியில் சேர்வதற்காகப் பாசிட்டிவ் என்று சொல்லிக்கொண்டாரோ? நெகட்டிவை மறைத்துப் பாசிட்டிவ் என்று சொல்கிற ஆள் உண்டா? அதில் என்ன லாபம்? 'உனக்கு எதுக்கு ஊர் வம்பு' என்று கேட்பீர்கள். ஊர் வம்பு இல்லாவிட்டால் இந்தப் பத்தியை எதை வைத்து ஐயா நிரப்புவது?

சொட்டு மருந்தின் வேகம் இறங்கிய பிறகு, கண்ணாடிக்குக் கடைசிப் பவர் பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள். போனேன். அன்று நல்ல மழை. ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. இருட்டறையில் கிரேஸும் நானும்தான்.

மறுபடி அந்தக் கனத்த ஃபிரேம். மறுபடி அந்த மங்கல் வில்லை.

"கிரேஸம்மா... டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். டார்க் ரூம்ல யாருக்குமே பாசிட்டிவ் வரலன்னு சொன்னாரு."

வில்லையை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. எனக்கு எதிரே எல்லாம் மங்கல். அவர் முகம் தெரியவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன்.

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும் சார்" என்றார். "வீட்ல சொன்னதைத்தான் உங்ககிட்டயும் சொன்னேன். அன்னைக்கு நீங்க போனதுல இருந்து யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். என் மூக்கிலிருந்து ஃபிரேமைக் கழற்றவும் மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் சொன்னதை முழுக்க மங்கலாகப் பார்த்தபடியேதான் கேட்டேன்.

அவருடைய மாமனார் விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டோடு, பாளையங்கோட்டையில் இருந்தார். முதல் அலையில் மூச்சுத்திணறல் வந்து போய்விட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு யாரும் முகம் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தூரத்தில் நின்று ஜெபித்துவிட்டு வந்தார்கள்.

"நாந்தான் கொண்டாந்துட்டேன்னு நெனச்சேன் சார். ஏன்னா நான் ஒரு வேல பண்ணிக்கிட்டிருந்தேன்."

"என்ன வேலை?"

"மாஸ்க் போட்டுக்கிட்டு இந்த ஃபிரேமை மாட்டுனா, விடுற மூச்செல்லாம் மேல ஏறி வில்லையில ஆவி படியும். எழுத்து தெரியாது. தெரியாம பவர் எழுதுனா தப்பாயிரும். தப்பான பவரை என் கையால எழுத எனக்கு மனசு வராது சார். அதனால வாரவங்க எல்லார்கிட்டயும், மூக்குக்குக் கீழ மாஸ்க்கை இறக்கிக்கிடுங்க, சத்தமா எழுத்தை வாசிங்கம்பேன். மாஸ்க்குக்கு மேல பிளாஸ்டர் ஒட்டலாம்ங்கது பொறவுதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

யோசித்துப் பாருங்கள். ஜன்னல் இல்லாத அறை. மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஆள் மாற்றி ஆள், சத்தமாக வாசிக்கிறார்கள். எழுத்து தெளிய வேண்டும் என்பதற்காக இந்த அம்மாள் அத்தனை மூச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்யமாட்டார்கள்.

ஆனால் வீட்டில் இன்னொருவரும் அதே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். கிரேஸின் கணவர்.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்த சமயத்தில், திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சினேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறார். வந்து லேசாகத் தொண்டை கட்டியது. வெயில் என்று விட்டுவிட்டார். அதற்கு அடுத்து அவர் அப்பாவுக்குக் காய்ச்சல். "நாந்தாம்ட்டி எங்கப்பாவைக் கொன்னுட்டேன்" என்பதைத் தவிர அந்த மனிதர் வாயில் வேறு பேச்சே இல்லையாம். சாப்பாடு இறங்காது. தூக்கம் கிடையாது. ஆன்லைனில் பாடம் நடத்தும்போது பாதியில் நிறுத்திவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பிள்ளைகள் "சார்... சார்..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்குமாம்.

அந்தச் சமயத்தில்தான் ரத்த டெஸ்ட்.

"எனக்கு நிச்சயமா பாசிட்டிவ்னுதான் நெனச்சேன் சார். நெகட்டிவ்னு சொன்னாங்க. அப்பாடா, நானில்லன்னு சந்தோசமாத்தான் பஸ் ஏறுனேன். சமாதானபுரம் தாண்டும்போதுதான் உரைச்சுது. நானில்லன்னா... அவுகதான்னு ஆயிருமே!"

வீட்டு வாசலில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னட்டி வந்துச்சு?" என்று கேட்டார்.

"அவுக முகத்தைப் பாத்தேன் சார். பாசிட்டிவ்னு சொல்லிட்டேன்."

அந்த மனிதர் கேட்டிலேயே தலையைச் சாய்த்து அழுதாராம். "அழாதட்டி, நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்று இவரைத்தான் தேற்றினாராம். மறுநாள் கோவில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். அப்படி ஒரு தூக்கம்.

தப்பான பவர் எழுத மனது வராத கை! அந்தக் கைக்காரி தன் ரத்தத்தையே மாற்றிச் சொல்லிவிட்டு, செய்யாத பழியோடு இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறார். அழவேண்டும்போல இருந்தது எனக்கு. மூக்கின் மேல் அந்த ஃபிரேம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"நல்ல காரியம்தானம்மா செஞ்சிருக்க?" என்றேன்.

"அதோட முடிஞ்சிருந்தா நல்ல காரியம்தான் சார்."

முடியவில்லை. கணவரின் அக்காவுக்குச் செய்தி போயிற்று. "ஆஸ்பத்திரிக்காரியைக் கட்டாதலேன்னு அன்னைக்கே சொன்னேன். எங்கய்யாவைக் கொண்டுபோயிட்டாளே" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பாவை இழந்த ஆத்திரம். ஆனால் இந்த வாத்தியார் கொதித்துவிட்டார். "என் பொண்டாட்டிய இன்னொரு சொல்லு சொன்னா, எனக்கு அக்காவே கிடையாது" என்றிருக்கிறார். அன்று நின்ற பேச்சு. கிறிஸ்துமஸ் வந்து போகிறது, பிள்ளைகள் பிறந்தநாள் வந்து போகிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு அக்காவும் தம்பியும் பேசவில்லை.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அடுத்த மாதம். பத்திரிகை யார் மூலமாகவோ வந்தது. வாத்தியார் பிரிக்கவில்லை. அந்தப் பெண் கிரேஸுக்கு ரகசியமாகப் போன் செய்து அழுகிறாள். "மாமா வந்து நிக்காம எனக்குக் கல்யாணமா அத்தை?" என்கிறாள். தாய்மாமன் இல்லாத கல்யாணம் எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டுமா? ஊரே அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு சார். அவுக முகத்தைப் பாத்ததும் திரும்ப உள்ள போயிரும். பழையபடி ஆயிருவாவளோன்னு பயம்." கிரேஸ் எழுந்தார். "நீங்க எழுதுங்க சார். ஞாயித்துக்கிழமை சத்தமா வாசிப்பாவ. நான் எதிர்லதான் இருப்பேன்."

நான் என்ன தபால்காரனா? பஸ் போர்டையே ஒழுங்காகப் படிக்கத் தெரியாதவனிடம் ஒரு குடும்பத்தின் சமாதானத்தை ஒப்படைக்கலாமா? நான் எழுதப்போய் அந்த மனிதர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால்?

"இது மங்கலா இருக்கே, எதுக்குன்னு அன்னைக்குக் கேட்டீங்கல்லா?" என்று என் ஃபிரேமைத் தொட்டார் கிரேஸ். "கண்ணு தெளிவாப் பாக்கணும்னு ரொம்பப் பாடுபட்டு இறுக்கிக்கிடும் சார். அந்த இறுக்கத்துல பவர் பாத்தா தப்பாத்தான் வரும். அதனால வேணும்னே மங்கலாக்கி வைப்போம். கண்ணு பாடுபடுறதை விட்டுட்டு இளகும். பொறவு பைய பையக் குறைச்சுக்கிட்டே வந்து தெளிவாக்கிருவோம். ஒரேயடியா எடுத்துரக் கூடாது. மங்கலாவே விட்டுரவும் கூடாது."

சொல்லிக்கொண்டே வில்லையை மாற்றினார். எழுத்து கொஞ்சம் தெரிந்தது. இன்னொன்று. இன்னும் கொஞ்சம் தெரிந்தது. கடைசியாக ஒன்றைப் போட்டார். கீழ் வரிசைப் பொடி எழுத்தெல்லாம் பளிச்சென்று எழுந்து நின்றது. கிரேஸின் முகமும் அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. அழுதிருந்தார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

வரும் வழியில் டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன், பெயர் சொல்லாமல். வீட்டில் ஒருத்தி நெகட்டிவ் என்றால் இன்னொருவன்தான் கொண்டுவந்தான் என்று ஆகுமா? "ஆகவே ஆகாது. உமக்கு எத்தனை தடவவே சொல்ல?" என்று எரிந்து விழுந்தார். இறந்துபோன மாமனாரைப் பற்றிக் கிரேஸ் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. ஊரடங்கிலும் மாஸ்க்கைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு, பெட்டிக்கடை வாசலில் நின்று நாலு பேரோடு பேப்பர் படிக்காமல் அவருக்கு ஒருநாளும் விடிந்ததில்லையாம். யாரிடமிருந்து வந்ததோ, யார் கண்டது?

வாத்தியார் சார்... பெயர் மாறியிருந்தாலும் இது உங்கள் வீடுதான் என்று கல்லறைத் தோட்டம் வந்ததுமே தெரிந்திருக்கும். குரல் கம்மியிருந்தாலும் சத்தமாகத்தான் வாசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மனைவி உங்களுக்காக ஒரு பழியைச் சுமந்தார். நீங்கள் அவருக்காக உங்கள் அக்காவையே விட்டீர்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? போதும் சார். அப்பாவின் சாவுக்கு உங்கள் வீட்டில் குற்றவாளி யாருமில்லை. எந்த டெஸ்ட்டும் அப்படி ஒருவரைக் காட்டவில்லை.

பேப்பரை மடித்து வையுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கிறவரை நிமிர்ந்து பாருங்கள். இட்லி ஆறினால் ஆறட்டும்.

அக்கா நம்பரைப் போனிலிருந்து அழித்துவிடவில்லைதானே?